முதல் பிடி

அந்த ஷெட்டின் கதவுக்கு நான் பச்சை அடித்தேனா நீலம் அடித்தேனா என்று எனக்கே வெகு நாள் சந்தேகம் இருந்தது. உப்புக்காற்று இரண்டு வருடத்தில் எந்த நிறத்தையும் தின்றுவிடும் ஊர் இது. ஞாபகமும் அப்படித்தான், ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டே வருகிறது. அது நடந்தது தை மாதக் கடைசியிலா, மாசி பிறந்துவிட்டதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் செய்முறையில் ஒரு படி பிசகாது. அதற்காகத்தானே மதராஸிலிருந்து ரயில் ஏறி, ஆரம்பாக்கத்தில் இறங்கி, இந்த வெயிலில் இரண்டாம் நாளாக நடந்து வந்திருக்கிறீர்கள். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

நேற்றுப் புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னீர்கள். "விசாரணை ரிப்போர்ட் படிச்சேன் சார். உங்களுக்குத் தெரியாம நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காதீங்க." நல்ல பிள்ளை நீங்கள், ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். அந்த ரிப்போர்ட்டில் உள்ளது இரண்டே விஷயம். தொட்டியின் வால்வை விபத்துக்கு முந்தின மாலை சரியாக இறுக்காமல் விட்டது பாய்லர் ஆள் மாசிலாமணி. அதிலிருந்த திரவம் எப்படிப்பட்டது என்பது முதலாளி அப்துல் ஹைக்கு, அதாவது எனக்கு, தெரியாது. ஏழு வருடமாக ஊரும் அதையே சொல்கிறது, நானும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். நான் அதிகம் பேசாதவன். நாம் பேசாமலிருந்தால் மற்றவர்களே நமக்கு ஒரு கதையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது நமக்கு வசதியாகவும் இருக்கும்.

நேற்று மட்டும் அது எனக்குப் பொறுக்கவில்லை. என் வேலை எனக்குத் தெரியாது என்று என் வாசலிலேயே நின்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். செய்முறையை உங்கள் கம்பெனிக்குத் தருகிறேன். மற்றதையும் அதோடு சேர்த்துத்தான் தருவேன். இதைப் பள்ளிவாசலில் போய்ச் சொல்லியிருக்கலாம். அங்கே சொன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். நான் கேட்கப்போவதில்லை.

பழவேற்காட்டில் எங்களுடையது பழைய வியாபாரக் குடும்பம். என் பங்காக வந்தது ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையில், புல்கூட முளைக்காத ஒரு துண்டு உவர்நிலம். மதராஸில் ரசாயனம் படித்துவிட்டுத் துறைமுகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அங்கேதான் அந்தக் குவியலைப் பார்த்தேன். உடைந்த ப்ளைவுட் பெட்டிகள், தேயிலைப் பெட்டிகள், மரச்சீவலில் பசை கலந்து அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டின் வெட்டுத் துண்டுகள். அடுப்பெரிக்கக்கூட யாரும் எடுத்துப்போக மாட்டார்கள், புகை கண்ணைக் கரிக்கும். அவ்வப்போது கூட்டிவைத்துக் கொளுத்திவிடுவார்கள். நான் தூரத்தில் நின்று பார்ப்பேன். அத்தனையும் எங்கோ காட்டில் நின்ற மரம். வெட்டுவதற்கு ஆள் இருந்தது, ஒட்டுவதற்கு ஆள் இருந்தது. ஒட்டியதைப் பிரிக்க ஒருவரும் இல்லை.

அந்தப் பசை யூரியாவையும் ஃபார்மலினையும் சேர்த்துக் காய்ச்சிய பிசின். காயும்போது தண்ணீரை விட்டுவிட்டு இறுகுகிறது. தண்ணீரைத் திரும்பக் கொடுத்தால் வந்த வழியே அவிழ்ந்து போகும். கொதிக்கும் ஆவி, கொஞ்சம் ஆசிட், இறுக்கி மூடிய இரும்புப் பாத்திரம், அவசரப்படாத ஆள். இவ்வளவுதான் வேண்டும். மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையின் பாய்லரை வாங்கி வந்தேன். அதை ஓட்டிக்கொண்டிருந்த மாசிலாமணியும் கூடவே வந்தார்.

முதல் தடவை மூடியைத் திறந்தபோது உள்ளே பலகை இல்லை. ஈரச் சீவல்தான் இருந்தது, ஒன்றோடொன்று ஒட்டாமல், அன்றுதான் இழைப்புளியிலிருந்து விழுந்ததைப்போல. இரண்டு கையாலும் அள்ளினேன். மாசிலாமணி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்.

"இன்னா மொதலாளி இது, வெங்காயம் உரிச்சாப்ல ஊத்துது கண்ணு."

எனக்கு அந்த வாடை புதிதல்ல. கல்லூரியில் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் தவளையும் மீனும் கண்ணாடி ஜாடிகளில் மிதக்கும். அதே வாடை. பிசின் அவிழும்போது அதில் கட்டுண்டு கிடந்த ஃபார்மலின் வெளியே வந்துவிடுகிறது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள், முதல் மூடியைத் திறந்த உடனே எனக்குத் தெரியும்.

சீவல் காய்ந்து, மூட்டையாகி, பலகைக் கம்பெனிக்கே திரும்பிப் போயிற்று. மிஞ்சியது தண்ணீர், பழுப்பாக, சூடாக. ஷெட்டுக்கு வேலைக்கு வந்த பெண்கள் அதைக் 'கஷாயம்' என்றார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஷெட்டின் பின்சுவரை ஒட்டிச் செங்கல் தொட்டி கட்டி அதில் கஷாயத்தைத் தேக்கினேன். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டி ஆசிட்டை அடக்கினேன். சில நாள் ஆறவிட்டு, எஞ்சின் வைத்து ஏரித் தண்ணீரை இறைத்துக் கலந்து, ஆழமில்லாத ஓரத்தில் குழாய் வழியாக விட்டேன். எவ்வளவு தண்ணீர் கலந்தால் போதும் என்பதை ஜாடியில் உயிருள்ள இறாலை விட்டுப் பார்த்துத் தீர்மானித்தேன். இறால் சாகாது. கொஞ்சம் துவண்டு, பிறகு தெளியும். அந்த அளவில் நிறுத்திக்கொண்டேன். நான் கண்மூடித்தனமாக எதையும் செய்ததில்லை.

தொட்டிக்கு அந்தப் பக்கம் சில குடிசைகள் இருந்தன. கையால் இறால் பிடிக்கிறவர்கள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. தண்ணீரில் குந்தி உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றை விரலால் தடவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலையில் இருக்குமே. தண்ணீர் உதட்டைத் தொட்டபடியே இருக்கும்.

இந்த ஏரியில் வலைக்காரக் குப்பங்களுக்கெல்லாம் 'பாடு' உண்டு. எந்த இடத்தில் எந்த முறைக்கு யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல நீர் எல்லாம் அப்படியே பங்காகிவிடும். கையால் பிடிக்கிறவர்களைச் சீட்டில் சேர்ப்பதில்லை. யாருக்கும் வேண்டாத ஓரம்தான் அவர்களுக்கு.

நான் முதல்முறை தொட்டியைத் திறந்த காலையில் அந்த ஓரத்து இறால் முழுக்க மேலே வந்துவிட்டது. துள்ளவில்லை, ஓடவில்லை. அங்கே அப்போது மூன்று பேர் இருந்தார்கள்: சுப்பன், அவன் மனைவி காசியம்மாள், அவன் தங்கை முத்தம்மாள். காசியம்மாள் மடியில் வாரி வாரிக் கட்டினாள்.

"இன்னா பாய், மந்திரம் எதுனா போட்டியா?" என்றான் சுப்பன்.

"சூடு தண்ணி, அவ்வளவுதான்" என்றேன்.

"ஏன்யா, இந்த வாடைக்காத்துல நீயே போத்திக்கினு சுருண்டுக்கற. எறாவுக்குக் குளுராதா? சூடு பட்டதும் சொக்கிப்போச்சி" என்றாள் காசியம்மாள். முத்தம்மாள் சிரித்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் திருத்தவில்லை. அவர்களே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள், அதில் சந்தோஷமாகவும் இருந்தார்கள்.

அன்று பொழுது சாயும்போது காசியம்மாள் ஓலையில் சுற்றி ஒரு கை இறாலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னாம்மா இது?"

"மொதப் பிடி பாய். பாட்டுக்காரருக்கு மொதப் பிடி குடுக்கணும்ல."

"நான் எங்கேம்மா பாட்டுக்காரன்?"

"எங்களுக்கு இத்தினி நாளா பாடுன்னு ஒண்ணு இல்ல. இப்பக் கீது. தண்ணி தொறந்து வுடறவரு நீங்கதானே? அம்மாவாண்ட குடுங்க, கொழம்பு வெக்கட்டும்."

வாங்கிக்கொண்டேன். அம்மா என்று அவள் சொன்னது என் மனைவியை. சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஆரம்பாக்கத்தில் இருந்த என் வீட்டுக்குப் புறப்பட்டேன். மறுநாள் அவள் கேட்டாள், "அம்மா இன்னா சொன்னாங்க?" நன்றாக இருந்ததாம் என்றேன். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதன் பிறகு ஒவ்வொரு முறை தொட்டி திறந்தபோதும் முதல் பிடி எனக்கு வந்தது. மிச்சம் சந்தைக்குப் போயிற்று. நான் மறுத்திருந்தால் அவர்கள் மனம் கோணியிருக்கும்.

இப்படி மூன்று வருடம். வாடைக்காலத்தில் அவர்கள் குழாய் வாயை விட்டு நகரவே மாட்டார்கள், அங்கே கொஞ்சம் சூடு கசிந்துகொண்டே இருக்கும். முத்தம்மாளின் உதடு வெடித்திருப்பதைப் பார்த்தேன். மாசிலாமணியின் விரல் நுனியிலும் அதே வெடிப்பு. தேங்காய் எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு பேருக்கும். குழாய்க்குப் பக்கத்தில் மீன் பொறுக்க வந்த கொக்கு ஒன்று ஒரு நாள் கால்களை மடக்கி உட்கார்ந்தது, எழவே இல்லை. யாரும் வருவதற்கு முன் அதை எடுத்துப் பாய்லர் அடுப்பில் போட்டேன். இதையெல்லாம் தெரியாதவன் செய்வானா?

பிறகு தசரதன் வந்தார். வலைக்காரக் குப்பத்தில் எந்த வழக்கானாலும் முன்னால் நிற்கிறவர். ஷெட் வாசலில் நின்றுகொண்டு, வேலை செய்கிற எல்லோருக்கும் கேட்கிறபடி பேசினார்.

"இன்னா பாய், ஏரிக்கே கஷாயம் வெச்சி ஊத்தறியாமே. அதுக்கு இன்னா, ஜொரமா?"

தண்ணீரிலிருந்து சுப்பன்தான் ஏறி வந்தான்.

"உனுக்கு இன்னா நோவுது தசரதா?"

"எங்க பாட்டாண்ட மீன் அண்ட மாட்டேங்குதுடா. வந்த மீனும் திரும்பி ஓடுது."

"உன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தசரதன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"சிரிடா. சொக்குன எறாவ அள்ளிக்கினு நல்லா சிரி. எறா எதுக்குச் சொக்குதுன்னு இந்தாள ஒரு நாளாவது கேட்டியா?"

"நீ எங்களுக்கு ஒரு நாளாவது பாடு குடுத்தியா? அவுரு குடுத்தாரு. போவியா வேலையப் பாத்துக்கினு."

தசரதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கரையில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான், அதற்காக இன்றும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. நான் வாய் திறக்காததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு போனார். பாதி சரி. அவர் மனு கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது.

இப்போது அந்தக் காலையைச் சொல்கிறேன். அதற்கு முன்தான் ஒரு லாரி கனத்த போர்டு வந்திருந்தது. வழக்கமான ஆசிட்டுக்கு மசியவில்லை. இரண்டு பங்கு ஊற்றிக் காய்ச்சினோம், அருமையாகப் பிரிந்தது. தொட்டி விளிம்புவரை கஷாயம். சுண்ணாம்பு போடவில்லை, ஆறவில்லை. இறைக்கிற எஞ்சின் பழுதாகிப் பொன்னேரிக்குப் போயிருந்தது. வெயில் ஏறத் தொடங்கிய நேரம், டீ வாங்கப் போன மாசிலாமணி வேகமாகத் திரும்பி வந்தார்.

"ஜீப்பு கெளம்பிடுச்சாம் மொதலாளி. தொட்டித் தண்ணிய பாட்டில்ல புடிக்கறாங்களாம்."

தொட்டியைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி கலக்காம தொறந்துடாதீங்க. நேத்தே வால்வ நல்லா இறுக்கி வெச்சிருக்கேன்."

"நீங்க ரோட்டுக்குப் போய் நில்லுங்க. ஜீப் வந்தா மெதுவா வழி காட்டிக் கூட்டிட்டு வாங்க" என்றேன். போனார். மற்ற ஆட்கள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

கதவருகே வந்து நின்றேன். ஏரியில் மூன்று தலை தெரிந்தது, மூன்று பறி. வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்ததால் குழாயை ஒட்டியே ஒண்டியிருந்தார்கள். காசியம்மாள் என்னைப் பார்த்துவிட்டு வாயிலிருந்து பறியை எடுத்தாள்.

"தொறக்கப் போறீங்களா பாய்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கேட்டா வாயத் தொறப்பாரா அவுரு! தொட்டியத்தான் தொறப்பாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மற்ற இருவரையும் கையசைத்து இன்னும் கிட்டே கூப்பிட்டாள்.

ஏன் அவர்களை வெளியே வரச் சொல்லவில்லை என்று கேட்கப்போகிறீர்கள். யோசிக்காமல் இல்லை. இரண்டே சொல், 'வெளிய வாங்க'. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மூன்று வருடமாகச் சூடு தண்ணீர் என்று சொன்னவன் நான். ஜீப்பில் வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதும் இவர்களைத்தான். 'இன்னிக்கு மட்டும் பாய் எங்கள வெளிய வரச் சொன்னாரு' என்பார்கள், வஞ்சனை தெரியாதவர்கள். பாட்டிலில் பிடிக்கிற தண்ணீரே வேண்டாம், அந்த ஒரு பேச்சு போதும் ஷெட்டை மூட. பாட்டிலுக்கும் தண்ணீர் கிடைக்கக் கூடாது, பேச்சுக்கும் இடம் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் மூன்று பேர். இன்னொரு பக்கம் ஷெட்டை நம்பியிருந்த குடும்பங்கள், உலகத்தில் வேறு யாரும் செய்யாத ஒரு வேலை, துறைமுகத்தில் எரிக்கப்படக் காத்திருந்த அத்தனை மரம். நிறுத்துப் பார்த்தேன். அவசரத்தில் கை தவறிவிட்டது என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். ஒரு பீடி புகைக்கிற நேரம் நான் அங்கே நின்றேன்.

வால்வின் சக்கரம் ஷெட்டுக்குள், பின்சுவரில் இருந்தது. உள்ளே போய்க் கதவை மூடினேன். வாடைக்காற்று முகத்தில் அடித்தது, அதற்காகத்தான் மூடினேன். மாசிலாமணி நன்றாகத்தான் இறுக்கியிருந்தார். இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. முழுவதும் திறந்தேன்.

முதலில் காசியம்மாளின் சிரிப்பு கேட்டது. இறால் மேலே வந்திருக்கும். பிறகு ஒரு இருமல். அதற்குப் பிறகு பெரிதாகச் சத்தம் எதுவும் வரவில்லை. பல்லில் பறியைக் கடித்துக்கொண்டிருக்கிறவர்கள் கத்த முடியாது. தொட்டி வடியும்வரை நின்றேன். பிறகு சக்கரத்தை மூடி, சரியாக இறுகாத மாதிரிக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கதவைத் திறந்து ஏரியில் இறங்கினேன்.

சுப்பன் குழாய்க்கு மிக அருகில் இருந்தான். எழுந்து நின்றால் அங்கே தண்ணீர் அவன் தொடைக்குத்தான் வரும். அவன் எழுந்து நின்றிருக்கவில்லை. முத்தம்மாள் கரைப்பக்கம் தவழ்ந்து வந்திருந்தாள். காசியம்மாளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நான் கரையேறியபோது ஜீப் வந்து நின்றது. அவர்கள் கண்ணால் கண்டது அதைத்தான். படித்த மனிதர் ஒருவர் அந்தத் தண்ணீரில் இறங்கி, கண் சிவந்து, ஒரு ஏழைப் பெண்ணைச் சுமந்துகொண்டு வருகிறார். என் கண்ணில் இப்போதும் நீர் வடிகிறது, பார்க்கிறீர்களே, அது அன்று பட்டது. அழுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாசிலாமணி ஓடி வந்தார். தளர்ந்திருந்த வால்வைப் பார்த்தார். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"நேத்து சரியா இறுக்கினீங்களா?"

"இறுக்கினேன் மொதலாளி" என்றார். மறுநாள், "இறுக்கினேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். விசாரணைக்கு முன்னால் அவராகவே என்னிடம் வந்து, "நான்தான் சரியா இறுக்கல போலக்கீது" என்று தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் வாயில் எந்தச் சொல்லையும் வைக்கவில்லை. பேசாமல் இருந்தேன்.

விசாரணையில் காசியம்மாளைக் கண்ணில் கட்டோடு கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். கடைசியாக என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள்.

"பச்சைக் கதவு சார். பாய் உள்ள போயி மூடிக்கினாரு. தொறக்கறீங்களான்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல. எப்பவுமே அவுரு அப்படித்தான்."

பச்சை. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அது கெட்ட தண்ணீர் என்று முதலாளிக்குத் தெரியுமா என்று அடுத்ததாகக் கேட்டார்கள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரிஞ்சிருந்தா அந்தத் தண்ணி எறாவ வூட்டுக்கு எடுத்துக்கினு போவாரா சார்? ஒவ்வொரு தடவையும் மொதப் பிடி அவுருக்குத்தான் குடுப்போம். அம்மா கொழம்பு வெச்சி, நல்லா இருந்துச்சின்னு சொல்லி அனுப்புவாங்க. அவுரு புள்ளைங்க துன்ன எறா சார் அது. அந்த மனுசன் மேல பழி போடாதீங்க."

அதன்மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் 'அறிந்திருக்கவில்லை' என்று எழுதியது அவள் சொன்னதை வைத்துத்தான்.

அன்று சாயங்காலம் ஊரில் சிலர் வீட்டுக்கு வந்து, அவள் சொன்னதை என் மனைவி மெஹருன்னிசாவிடம் சொன்னார்கள். நன்றியுள்ள ஜனங்கள் என்று பாராட்டாகச் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு அவள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"எந்த இறாலுங்க?" என்று கேட்டாள்.

வெகு நேரம் நின்றாள். கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

மற்றவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுப்பனை ஏரிக்கரை மேட்டில் புதைத்தார்கள். முத்தம்மாள் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்து இறந்தாள். அவளை அண்ணனுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். காசியம்மாளுக்குப் பார்வை திரும்பவில்லை, குடிசை வாசலில் உட்கார்ந்து பறி முடைகிறாள். ஷெட்டைப் பிரித்தபோது அந்தக் கதவைக் கேட்டனுப்பினாள், கொடுத்துவிட்டேன், அவள் குடிசைக்கு இப்போது அதுதான் கதவு. மாசிலாமணி சிறைக்குப் போய்த் திரும்பி வந்தார். தெருக்குழாயை மூடிவிட்டு நாலடி போனதும் திரும்பி வந்து மறுபடி இறுக்கிப் பார்க்கிறாராம். தசரதனுடைய பாடு இருக்கிற நீருக்கு மீன் திரும்பிவிட்டது. மெஹருன்னிசா பிள்ளைகளோடு பொன்னேரியில் அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். துறைமுகத்தில் அந்தக் குவியலை இப்போதும் கொளுத்துகிறார்கள். நான் இங்கே ஏரிக்கரையில் இருக்கிறேன், படிக்கிறேன், உங்களைப்போல யாராவது வந்தால் பேசுகிறேன். என் நிறுவையில் தவறு இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

முதல் பிடி எங்கே போயிற்று என்று நீங்களும் கேட்கவில்லை. ஆரம்பாக்கம் போகிற வழியில் ஒரு சின்ன மதகு உண்டு, வரும்போது தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அங்கே சைக்கிளை நிறுத்துவேன். முதல் தடவையிலிருந்தே. அந்த மதகடியில் எப்போதும் இரண்டு மூன்று நாய்கள் படுத்திருக்கும். அவை தோண்டித் தின்றுவிடக் கூடாதே என்று நல்ல ஆழமாகக் குழி பறித்து, மண்ணைத் தள்ளி, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுத்தான் வருவேன்.